மருந்து மாத்துறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்களா?

இன்ஃப்யூஷன் வார்டுல நர்ஸா இருக்கேன். க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு ரெண்டு நாள்பட்ட குடல் அழற்சி நோய்க்கும் இன்ஃப்ளிக்ஸிமேப்ங்கற மருந்த ஏத்திக்க வர்றவங்கதான் எங்க வார்டுல பாதிக்கு மேல. எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவாங்க, சேர்ல சாஞ்சு உக்காந்து ரெண்டு மணி நேரம் ட்ரிப் ஏத்திக்கிட்டு கிளம்புவாங்க, வருஷக்கணக்கா அதே முகங்கள்தான். அவங்ககிட்டேர்ந்து இப்பல்லாம் அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "சிஸ்டர், இது பழைய மருந்துதானா, இல்ல பயோசிமிலரா?" பயோசிமிலர்னா ஒரிஜினல் மருந்த மாதிரியே இன்னொரு கம்பெனி தயாரிக்கிற மருந்து. கேக்கும்போதே குரல் கொஞ்சம் இறங்கிடும். அந்த பயம் எனக்கு நல்லாவே புரியும். ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு தடவை பாத்ரூம் ஓடினவங்க, ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் வீங்கி, தூக்கம் கெட்டு, வேலைய விட்டு, எத்தனையோ மாத்திரை மாத்தி கடைசியா இந்த ஊசில வந்துதான் மனுஷனா நிமிந்தவங்க. அவங்ககிட்ட போய் "மருந்து மாறுது"ன்னு சொன்னா வயித்த கலக்கத்தான செய்யும்.

அதனால இதப் பத்தி ஒரு தடவை விளக்கமா எழுதிடணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். நான் பாத்த வரைக்கும், படிச்ச வரைக்கும், பயோசிமிலர் மருந்துல கோளாறு இல்ல. பிரச்சனை வந்த இடத்துல எல்லாம் மாத்தின விதத்துலதான் கோளாறு இருந்துச்சு. யாரு சொன்னாங்க, எப்ப சொன்னாங்க, மாத்துறதுக்கு முன்னாடி என்னென்ன டெஸ்ட் எடுத்து வச்சாங்க, இதுலதான் எல்லாம் இருக்கு.

முதல்ல மருந்தப் பத்தி கொஞ்சம். இன்ஃப்ளிக்ஸிமேப் 1998ல அமெரிக்காவுல முதல்ல அனுமதி வாங்கினதே க்ரோன்ஸ் நோய்க்குத்தான், ரெமிகேட்ங்கற பேர்ல. குடல் அழற்சிய தூண்டிவிடுற டிஎன்எஃப்னு ஒரு புரதம் இருக்கு, அத பிடிச்சு செயல்படாம பண்ற ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட பொருள போய் பிடிச்சுக்கற புரதம் இது. ஆஸ்பிரின் மாதிரி சின்ன மாத்திரைய கெமிக்கல் சேத்து எத்தனை தடவை பண்ணாலும் அச்சு அசலா அதே மூலக்கூறு வரும், அதோட எடை 180 டால்டன்தான் (மூலக்கூறு எடைய சொல்ற அலகு). இன்ஃப்ளிக்ஸிமேப் கிட்டத்தட்ட 1,49,000 டால்டன். இவ்ளோ பெரிய புரதத்த ஃபேக்டரில சேத்து ஒட்ட முடியாது, உயிருள்ள செல்லுக்குள்ள ஜீன வச்சு அந்த செல்லையே தயாரிக்க வைக்கணும். செல் தயாரிக்கும்போது புரதத்து மேல சர்க்கரைச் சங்கிலிகள ஒட்டும், அந்த சர்க்கரை தடவைக்கு தடவை கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஒரே மரத்து மாம்பழமே போன வருஷம் மாதிரி இந்த வருஷம் இருக்காதே, அந்த மாதிரி. இதுல நிறைய பேருக்கு தெரியாத விஷயம் என்னன்னா ஒரிஜினல்ங்கற ரெமிகேட்டே ஒரு பேட்ச் மாதிரி இன்னொரு பேட்ச் அப்படியே இருக்காது, அனுமதி வாங்கினதுக்கப்புறம் அதோட தயாரிப்பு முறையவே 30 தடவைக்கு மேல மாத்தியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் பழசையும் புதுசையும் லேப்ல பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்துதான் அனுமதிச்சாங்க. பயோசிமிலருக்கும் அடிப்படைல அதே ஒப்பீடுதான், இன்னும் கடுமையா, அதோட மனுஷங்ககிட்ட சோதனையும் சேத்து.

கையில எடுத்துப் பாத்தா எப்படி இருக்கும்னு கேப்பாங்க. சின்ன கண்ணாடிக் குப்பி, வயல்னு சொல்லுவோம், அடியில வெள்ளையா உறைஞ்ச பொடி, 100 மில்லிகிராம். 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர நேரா பொடி மேல அடிக்காம கண்ணாடி சுவர் வழியா மெதுவா இறக்கணும், அப்புறம் விரலுக்கு நடுவுல வச்சு சுழட்டணும், குலுக்கவே கூடாது, குலுக்கினா நுரை தள்ளிடும். அஞ்சு நிமிஷம் அப்படியே வச்சுட்டா நிறமில்லாமயோ லேசான மஞ்சளாவோ, ரொம்ப மெல்லிசா பால் கலந்த மாதிரி ஒரு பளபளப்போட தெளிஞ்சு நிக்கும். அத 250 மில்லி சலைன்ல கலந்து, லைன்ல ஃபில்ட்டர் மாட்டி, ரெண்டு மணி நேரம். ஒரிஜினலுக்கும் இதே வேலைதான், பயோசிமிலருக்கும் இதே வேலைதான். ரெண்டையும் நூத்துக்கணக்குல கலந்திருக்கேன், லேபிள கழட்டிட்டு குடுத்தா எது எதுன்னு சொல்ல எனக்கு தெரியாது. டிபி இருக்கான்னு பாக்குறது, ஹெபடைட்டிஸ் பி பாக்குறது, ட்ரிப் ஓடும்போது பிபி, ஜுரம், அரிப்பு கவனிக்கிறது, இதெல்லாமும் துளி மாறாது.

சரி, அப்ப டாக்டர்களே ஆரம்பத்துல ஏன் தயங்கினாங்க? தயங்கினது நியாயம்தான். முதல் இன்ஃப்ளிக்ஸிமேப் பயோசிமிலர் சிடி-பி13, தென்கொரியா செல்ட்ரியான் கம்பெனியோடது, 2013 செப்டம்பர்ல ஐரோப்பால அனுமதி வாங்குச்சு. ஆனா மனுஷங்ககிட்ட பண்ணின சோதனை எல்லாம் மூட்டுவாத நோயாளிங்ககிட்டயும் முதுகெலும்பு வாத நோயாளிங்ககிட்டயும்தான். அந்த முடிவ வச்சே குடல் நோய்க்கும் அனுமதி குடுத்தாங்க. மூட்டுல வேலை செஞ்சா குடல்லயும் செய்யுமா? எட்டனர்செப்ட்னு ஒரு மருந்து இருக்கு, அதுவும் டிஎன்எஃப்ப தடுக்கறதுதான், மூட்டுவாதத்துக்கு பிரமாதமா வேலை செய்யும், க்ரோன்ஸ்ல பரிசோதிச்சப்ப எடுபடவே இல்ல. அந்த அனுபவம் மனசுல இருக்கறப்ப குடல் டாக்டர் யாரும் கண்ண மூடிக்கிட்டு தலையாட்ட மாட்டாங்க. ஐரோப்பிய குடல் அழற்சி நோய் அமைப்பு எக்கோ 2013ல எச்சரிக்கையோடதான் பேசுச்சு. கனடா 2014ல மூட்டுக்கு சரின்னு சொல்லிட்டு குடலுக்கு மட்டும் அனுமதி தரல, அது கிடைக்க 2016 ஆயிடுச்சு.

அந்த நேரத்துல நார்வே அரசாங்கம் ஒரு காரியம் பண்ணுச்சு, எனக்கு இதுல ரொம்ப மரியாதை. கம்பெனி காசு வாங்காம அரசே செலவு பண்ணி ஒரு சோதனை நடத்துச்சு, பேரு நார்-ஸ்விட்ச். ரெமிகேட்ல ஸ்டேபிளா இருந்த 482 பேரு, ஆறு வகை நோய், அதுல 155 பேரு க்ரோன்ஸ், 93 பேரு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பாதி பேர சிடி-பி13க்கு மாத்தினாங்க, பாதி பேருக்கு ரெமிகேட்டே ஓடுச்சு, யாருக்கு எது போகுதுன்னு டாக்டருக்கும் தெரியாது நோயாளிக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா நோய் மோசமானவங்க ரெமிகேட் பக்கம் 26 சதவீதம், மாத்தின பக்கம் 30 சதவீதம். 15 சதவீத வித்தியாசத்துக்குள்ள இருந்தா ஏத்துக்கலாம்னு முன்கூட்டியே முடிவு பண்ணியிருந்தாங்க, அதுக்குள்ள அடங்கிடுச்சு. 2017ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு.

இங்கதான் ஒரு முள் இருக்கு, அத மறைச்சுட்டு பேசுறது எனக்கு பிடிக்காது. க்ரோன்ஸ் காரங்கள மட்டும் பிரிச்சுப் பாத்தா ரெமிகேட் பக்கம் 21.2 சதவீதம், மாத்தின பக்கம் 36.5 சதவீதம். பாத்தவுடனே திக்குன்னு இருக்கும். பயோசிமிலர் வேண்டாம்னு சொல்றவங்க இன்னிக்கும் இந்த நம்பரத்தான் தூக்கிட்டு வருவாங்க. ஆனா அந்த சோதனைய ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா முடிவு சொல்ற அளவுக்கு திட்டமிடல, கொஞ்சம் பேர பிரிச்செடுத்து பாத்தா தற்செயலாவே நம்பர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். அது வெறும் சமாளிப்பு இல்லங்கறது அடுத்த கட்டத்துல தெரிஞ்சுது. அதே ஆளுங்கள இன்னும் 26 வாரம் பின்தொடர்ந்தாங்க, இந்த தடவை எல்லாருக்குமே சிடி-பி13. க்ரோன்ஸ்ல ஏற்கனவே மாத்தி ஓடிட்டு இருந்தவங்கள்ல 20.6 சதவீதம் மோசமானாங்க, புதுசா மாத்தினவங்கள்ல 13.1 சதவீதம். மாத்துறதுதான் கெடுதல்னா புதுசா மாத்தினவங்கதான கூட கெட்டுப் போயிருக்கணும், இங்க தலைகீழா வந்துருக்கு.

அதோட நிக்கல. க்ரோன்ஸ் நோயாளிங்கள மட்டும் வச்சே ஒரு சோதனை 2019ல லான்செட்ல வந்துச்சு, 16 நாட்டுல 220 பேரு. ஆறாவது வாரத்துல நோய் மதிப்பெண் 70 புள்ளியாவது இறங்கினவங்க சிடி-பி13 பக்கம் 69.4 சதவீதம், ஒரிஜினல் பக்கம் 74.3 சதவீதம். 30வது வாரத்துல பாதிப் பாதி பேர ஒருத்தருக்கொருத்தர் மாத்தியும் பாத்தாங்க, ஒரு வருஷம் வரைக்கும் சொல்லும்படியா வித்தியாசம் இல்ல. மூட்ட வச்சு குடலுக்கு முடிவு பண்ணிட்டாங்களேங்கற குறைக்கு இதுதான் நேரடி பதில். எக்கோவும் 2017லயே நிலைப்பாட்ட மாத்திக்கிட்டு ஒரிஜினல்லேர்ந்து பயோசிமிலருக்கு மாத்துறது ஏத்துக்கத்தக்கதுதான்னு சொல்லிடுச்சு. 2022ல ஐரோப்பிய மருந்து ஏஜென்சி, அங்க அனுமதி வாங்கின பயோசிமிலர் எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கலாம்னு அறிக்கையே விட்டுச்சு.

சோதனை ஒரு பக்கம், நிஜ வாழ்க்கைல என்ன ஆச்சுங்கறதுதான் எனக்கு முக்கியம், ஏன்னா சோதனைல சேக்குறவங்கள சலிச்சுத்தான் எடுப்பாங்க, வார்டுக்கு வர்றவங்கள யாரும் சலிக்கிறதில்ல. ஹங்கேரில 2014 மே மாசத்துலேர்ந்து புதுசா இன்ஃப்ளிக்ஸிமேப் ஆரம்பிக்கிறவங்க சிடி-பி13லதான் ஆரம்பிக்கணும்னு ஆயிடுச்சு, அங்க 210 பேர பின்தொடர்ந்து எழுதினாங்க. மருந்து எதிர்பாத்த மாதிரியே வேலை செஞ்சுது. ஆனா அதுல ஒரு விஷயம் எங்கள மாதிரி நர்ஸுங்க மனப்பாடமே பண்ணி வச்சுக்கணும்: முன்னாடி எப்பவோ இன்ஃப்ளிக்ஸிமேப் போட்டு நிறுத்திட்டு இப்ப திரும்ப ஆரம்பிச்சவங்களுக்கு பலன் கம்மி, அலர்ஜி ரியாக்ஷன் ஜாஸ்தி. அது பயோசிமிலரோட குணம் இல்ல, ஒரிஜினலும் அப்படித்தான். நடுவுல விட்டுட்டு திரும்ப ஏத்துனா உடம்பு அத அந்நியன்னு அடையாளம் வச்சிருக்கும். அதனால "நல்லாத்தான இருக்கேன்"னு நீங்களா ரெண்டு டோஸ் தள்ளிப் போடாதீங்க, கை எடுத்து கும்பிட்டு கேக்குறேன்.

அப்புறம் இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன். என்னோட கருத்துல மாத்துறத எப்படி செய்யணும்னு காட்டினது அந்த ஊர்தான். 143 குடல் நோயாளிங்கள ரெமிகேட்லேர்ந்து சிடி-பி13க்கு மாத்தினாங்க. முன்கூட்டியே நோயாளிங்களோட உக்காந்து பேசினாங்க, மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரத்தம், அறிகுறி எல்லாம் பதிவு பண்ணாங்க, முக்கியமா மிச்சமாகுற காசுல ஒரு பங்க அதே குடல் நோய் பிரிவுக்கு நர்ஸ், பார்மசிஸ்ட் மாதிரி ஆளுங்கள போடறதுக்கு குடுக்கறதா முதல்லயே ஒப்பந்தம் போட்டாங்க. மருந்துல தொடர்ந்து நிலைச்சவங்க எண்ணிக்கை முன்னாடி மாதிரியேதான் இருந்துச்சு. மருந்து விலை குறைஞ்சதால நோயாளிக்கு ஃபோன் எடுத்துப் பேச ஒரு நர்ஸ் கூட கிடைச்சாங்க, இதுக்கு மேல என்ன வேணும்.

இப்ப என் வார்டு கதை. ஒரு அம்மா, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், ரொம்ப நாளா ரெமிஷன்ல, அதாவது நோய் அடங்கி இருந்தவங்க. அவங்களுக்கு மாத்தின சேதி டாக்டர் வாய்லேர்ந்து வரல, பில்லுல வேற பேரு பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டாங்க. அடுத்த டோஸுக்கு வரும்போது வயித்து வலி, மூட்டு வலி, அசதி, "இது எனக்கு ஒத்துக்கல சிஸ்டர், எனக்கு தெரியுது"ன்னு அழறாங்க. குடல் அழற்சி இருக்கான்னு மலத்துல பாக்குற கால்ப்ரொடெக்டின் நார்மல், உடம்புல அழற்சி இருக்கான்னு ரத்தத்துல பாக்குற சிஆர்பி நார்மல், ரத்தத்துல மருந்தோட அளவும் நல்லா இருக்கு. அவங்க பொய் சொல்றாங்களா? இல்லவே இல்ல. வலி நிஜம். ஆனா குடல் அழற்சி திரும்பல. கெடுதல் வரும்னு மனசு காத்துட்டு இருந்தா உடம்பு அத கொண்டு வந்து குடுத்துடும், இதுக்கு நோசிபோன்னு பேரு. என்ன மருந்துன்னு தெரியாம போட்ட சோதனைகள்ல மருந்த பாதில விடுறவங்க கம்மியா இருக்காங்க, தெரிஞ்சு போட்ட இடத்துல ஜாஸ்தி விடுறாங்க, அதே மருந்துதான். டாக்டர் அந்த அம்மாவ உக்கார வச்சு மாத்துறதுக்கு முன்னாடி எடுத்த நம்பரையும் இப்ப வந்த நம்பரையும் ஒரே பேப்பர்ல எழுதிக் காட்டினார். அவங்க அந்த பேப்பர மடிச்சு கைப்பைல வச்சுக்கிட்டாங்க. இன்னமும் அதே மருந்துதான் ஓடுது, வலியும் போகப் போக குறைஞ்சுடுச்சு.

இதுல எனக்கு கோவம் எங்கன்னா, அந்த அம்மாவுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா இவ்ளோ கண்ணீர் தேவையில்ல. பில்ல பாத்து தெரிஞ்சுக்கற மாதிரியா இத விடுறது? யாரோ ஆபீஸ்ல டெண்டர் போட்டு முடிவு பண்ணிடறாங்க, பெட் பக்கத்துல நின்னு பதில் சொல்றது நாங்க.

இன்னொரு தம்பி, க்ரோன்ஸ், படிக்கிற பையன். மாத்தி ரெண்டாவது டோஸுக்குள்ளயே பேதி திரும்பிடுச்சு, எடை இறங்குது. கால்ப்ரொடெக்டின் எகிறிடுச்சு. மருந்து அளவு கிட்டத்தட்ட சைபர், மருந்த அந்நியன்னு நினைச்சு உடம்பே அதுக்கு எதிரா உண்டாக்கின ஆன்டிபாடி ஏகப்பட்டது. இது நோசிபோ இல்ல, உண்மையான ஃப்ளேர், அதாவது நோயே திரும்ப கிளம்பினது. அவங்க அப்பா கொதிச்சுப் போயி "நல்லா இருந்த புள்ளைய கெடுத்துட்டீங்க, பழைய மருந்தயே குடுங்க"ன்னு நிக்கிறார். அந்த இடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் கேப்பாங்க. ஆனா பழைய மருந்தோட கடைசி டோஸ் அன்னிக்கே, ஏத்துறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தோம். அந்த ரிப்போர்ட்ல மருந்து அளவு அப்பவே அடிமட்டத்துல, ஆன்டிபாடி அப்பவே தலையெடுத்துடுச்சு. அதாவது பையன் ஒரிஜினல்லயே சறுக்க ஆரம்பிச்சுட்டான், வெளிய தெரியறதுக்குள்ள மருந்து பேரு மாறிடுச்சு, பழி புதுசு மேல விழுந்துச்சு.

இந்த ஒரு ரிப்போர்ட் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க. பழைய ரெமிகேட்டுக்கே திரும்பியிருப்பாங்க. அது வேலை செய்யாது. ரெமிகேட்டுக்கு எதிரா உடம்பு உண்டாக்கின ஆன்டிபாடி சிடி-பி13யையும் அப்படியே பிடிச்சுக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் பாக்கத் தெரியாது, இத ரத்த மாதிரிகள்ல வச்சு நிரூபிச்சே இருக்காங்க. அதனால ஒண்ணுல ஆன்டிபாடி வந்து தோத்துட்டா இன்னொண்ணுக்கு தாவறது வீண், ரெண்டு மூணு மாசம் குடல் புண்ணாகிட்டே போகும். அந்த தம்பிக்கு டாக்டர் வேற வகை மருந்துக்கு மாத்தினார், இப்ப எடை ஏறிடுச்சு. அவங்க அப்பாவும் ரிப்போர்ட்ட பாத்ததும் அமைதி ஆயிட்டார், என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சா மனுஷங்க ஏத்துக்கறாங்க.

அதனாலதான் தலைப்புல அந்த கேள்விய வச்சேன். கால்ப்ரொடெக்டின், சிஆர்பி, அடுத்த டோஸுக்கு முன்னாடி மருந்து எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்குற ட்ரஃப் லெவல், கூடவே ஆன்டிபாடி. இன்ஃப்ளிக்ஸிமேப்னா ட்ரஃப் லெவல் 5 மைக்ரோகிராமாவது இருக்கணும், டிஎன்எஃப்ப தடுக்கற இன்னொரு மருந்தான அடாலிமுமேப்னா 7.5ன்னு அமெரிக்க குடல் டாக்டர்கள் சங்கம் 2017ல சொன்ன கணக்கு இருக்கு, நோய் அடங்காம இருக்கறவங்களுக்காக சொன்னது அது. ஒரு மில்லி ரத்தத்துக்கு இந்த அளவு. ஒரிஜினலுக்கு பண்ற அதே டெஸ்ட் பயோசிமிலருக்கும் செல்லும், தனியா ஒண்ணும் தேவையில்ல. ஃப்ளேர்ல இருக்கும்போது மாத்தாதீங்கன்னும் டாக்டர்கிட்ட தைரியமா சொல்லலாம், முதல்ல நோய அடக்கிட்டு அப்புறம் மாத்தினா எது எதனாலன்னு குழப்பம் வராது.

அடாலிமுமேப் போடுறவங்க கதை கொஞ்சம் வேற, ஏன்னா ஊசி அவங்களே வீட்ல போட்டுக்கறது. அதோட ஒரிஜினல் பிராண்டான ஹியூமிராவோட பயோசிமிலர்கள் ஐரோப்பால 2018 அக்டோபர்ல வந்துடுச்சு. அமெரிக்கால முதல் அனுமதி 2016 செப்டம்பர்லயே குடுத்தாச்சு, ஆனா பேட்டன்ட் பஞ்சாயத்துல மாட்டி கடைக்கு வந்தது 2023 ஜனவரில. அனுமதி வாங்கின மருந்து ஆறு வருஷத்துக்கு மேல நோயாளி கைக்கு போகாம கெடந்துச்சு, நினைச்சாலே மனசு ஆறல. சரி விஷயத்துக்கு வர்றேன். இங்க மாறுறது பெரும்பாலும் பேனா, அதாவது மருந்து நிரப்பி வர்ற ஊசிக் கருவி. பட்டன் இருக்கற இடம், க்ளிக் சத்தம், எத்தனை செகண்ட் அழுத்திப் பிடிக்கணும், மூடிய கழட்டற விதம், எல்லாம் கம்பெனிக்கு கம்பெனி வேற. 40 மில்லிகிராம் டோஸ் ஒண்ணுல 0.8 மில்லி, இன்னொண்ணுல 0.4 மில்லி. சிட்ரேட்ங்கற உப்பு கலந்த தயாரிப்புன்னா போடும்போது சுள்ளுன்னு எரியும், சிட்ரேட் இல்லாததுல அவ்ளோ எரிச்சல் இல்ல. சிட்ரேட் இல்லாத ஹியூமிரா போட்டு பழகினவங்களுக்கு சிட்ரேட் இருக்கற பயோசிமிலர் குடுத்தா "மருந்தே சரியில்ல"ன்னுதான் தோணும், அது டிஎன்எஃப்ப தடுக்கற வேலைக்கு சம்பந்தமே இல்லாத எரிச்சல். இத முன்னாடியே கேட்டு வாங்குங்க. லேடெக்ஸ் அலர்ஜி இருந்தா ஊசி மூடில லேடெக்ஸ் இருக்கான்னும் கேளுங்க. முதல் ஊசிய நர்ஸ் முன்னாடி போட்டுக்கங்க, வெக்கப்பட வேண்டாம், பேனா தெரியாம பாதி மருந்து தோல் மேலயே வழிஞ்சத நான் பாத்திருக்கேன்.

பேர எழுதி வைங்க. "இன்ஃப்ளிக்ஸிமேப்"னு மட்டும் எழுதினா பத்தாது. அமெரிக்கால இதுக்குன்னே பின்னாடி நாலு எழுத்து ஒட்டறாங்க, இன்ஃப்ளிக்ஸிமேப் பயோசிமிலர் பிராண்டுகள்ல இன்ஃப்ளெக்ட்ரான்னா டி-ஒய்-ஒய்-பி, ரென்ஃப்ளெக்ஸிஸ்னா ஏ-பி-டி-ஏ. மத்த இடத்துல பிராண்ட் பேரும் பேட்ச் நம்பரும்தான் அடையாளம். நாங்க வார்டுல வயல் ஸ்டிக்கர உரிச்சு சார்ட்ல ஒட்டுவோம், நீங்க ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்கங்க. இன்னிக்கு ஒரிஜினல்லேர்ந்து ஒரு பயோசிமிலர், அடுத்த வருஷம் அதுலேர்ந்து இன்னொரு பயோசிமிலர்னு மாத்துறது சகஜமா ஆயிட்டு வருது. அப்படி ரெண்டாவது தடவை மாத்தினவங்கள பத்தின பதிவுகளும் இதுவரைக்கும் நல்லபடியாத்தான் இருக்கு, ஆனா ஏதாவது ஒண்ணு நடந்தா எந்த பேட்ச்னு தேட முடியணுமே.

காசு பத்தி பேசாம இத முடிக்க முடியாது. நார்வே டெண்டர்ல 2015ல சிடி-பி13 ஒரிஜினல் விலைலேர்ந்து 69 சதவீதம் தள்ளுபடில வந்துச்சு. இந்த விலை இறக்கம் நோயாளிக்கு என்ன குடுக்கும்னு 2024ல வந்த ப்ரொஃபைல்ங்கற பிரிட்டிஷ் சோதனைய பாத்தா புரியும். புதுசா க்ரோன்ஸ்னு தெரிஞ்ச 386 பேரு. பாதி பேருக்கு எடுத்தவுடனே இன்ஃப்ளிக்ஸிமேப் கூட இன்னொரு மாத்திரையும், மீதிப் பேருக்கு வழக்கம் போல முதல்ல ஸ்டீராய்டு, திரும்ப வந்தா அடுத்த படி, அப்படியே மேல ஏத்தறது. 48 வாரத்துல ஸ்டீராய்டும் ஆபரேஷனும் இல்லாம நல்லா இருந்தவங்க முதல் பக்கம் 79 சதவீதம், ரெண்டாவது பக்கம் 15 சதவீதம். இந்த ரெண்டு நம்பரையும் படிச்ச அன்னிக்கு எங்க வார்டுல குடல் வெட்டி எடுத்தவங்க முகம்தான் வரிசையா வந்துச்சு. "விலை ஜாஸ்தி, கடைசியா பாத்துக்கலாம்"னு தள்ளிப்போட்டே குடல் சுருங்கி, ஓட்டை விழுந்து வந்தவங்க அவங்க. விலை இறங்கினா இந்த மருந்த முதல் வருஷத்துலயே குடுக்க முடியும், டோஸ் ஏத்த வேண்டியவங்களுக்கு கணக்கு பாக்காம ஏத்த முடியும். மிச்சமான காசு அந்த நோயாளிங்க பக்கமே திரும்பலேன்னா, சும்மா விலை குறைஞ்ச லேபிள ஒட்டி அனுப்பறதுல எனக்கு சந்தோஷம் இல்ல.

இன்னொரு நல்லதும் நடந்துச்சு. செல்ட்ரியான் அதே இன்ஃப்ளிக்ஸிமேப்ப தோலுக்கடில போடுற ஊசியா மாத்துச்சு, 120 மில்லிகிராம், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, குடல் நோய்க்கு ஐரோப்பால 2020லயும் அமெரிக்கால 2023லயும் அனுமதி வாங்கிடுச்சு. முதல்ல சில டோஸ் நரம்புல ஏத்திட்டு அப்புறம் வீட்லயே போட்டுக்கலாம். எங்க வார்டுக்கு வர்றவங்க குறைவாங்க, குறையட்டும், வேலைக்கு லீவு போட்டு சேர்ல உக்காந்திருந்த நேரம் அவங்களுக்கு திரும்ப கிடைக்கும்.

இப்ப அடுத்த சுற்று யூஸ்டெகினுமேப், குடல் நோய்க்கு குடுக்கற இன்னொரு மருந்து, ஒரிஜினல் பேரு ஸ்டெலாரா. ஸ்டெலாராவோட பயோசிமிலர்கள் ஐரோப்பால 2024லயும் அமெரிக்கால 2025லயும் வந்தாச்சு. திரும்பவும் அதே கதைதான், சோதனை எல்லாம் சோரியாசிஸ்ங்கற தோல் நோய் இருக்கறவங்ககிட்ட பண்ணி குடலுக்கும் சேத்து அனுமதி குடுத்திருக்காங்க, திரும்பவும் அதே பயம் வரும். இதுல ஆன்டிபாடி தொந்தரவு இன்ஃப்ளிக்ஸிமேப் அளவுக்கு வர்றதில்ல, அதனால மாத்துறது இன்னும் சுலபமா போகும்னுதான் நான் எதிர்பாக்குறேன். உங்களுக்கு மாத்தப் போறதா தெரிஞ்சா கால்ப்ரொடெக்டின் சாம்பிள அடுத்த டோஸுக்கு ஒரு வாரம் முன்னாடியே குடுத்துடுங்க, ரிசல்ட் வர நாளாகும். ட்ரஃப் லெவலுக்கு மட்டும் டோஸ் அன்னிக்கு காலைல ரத்தம் எடுத்தா போதும், ஆனா மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி, ட்ரிப் மாட்ட வர்ற நர்ஸ்கிட்ட ஞாபகமா சொல்லிடுங்க.